பள்ளத்தூர் ஆச்சிக்கு ஏன் அத்தனை தாமதம்?

மனோரமா சினிமாவுக்கு வந்தது 1958-ல். கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'தான் முதல் படம். அவருக்குத் தேசிய விருது கிடைத்தது 1989-ல் வெளியான 'புதிய பாதை'க்காக. நடுவில் முப்பத்தொரு வருஷம். ஆயிரம் படத்துக்கு மேல் நடித்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியவருக்கு, நடிப்புக்குக் கிடைத்த ஒரே தேசியத் திரைப்பட விருது அந்தத் துணை நடிகை விருதுதான்.

காரைக்குடி பக்கம் இதைப் பேச்சில் எடுத்தால், "டெல்லிக்காரனுக்கு நம்ம ஆச்சி அருமை எங்கண்ணே தெரியப் போகுது?" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மன்னார்குடியில் பிறந்தாலும் அவர் வளர்ந்தது பள்ளத்தூரில், நாடக மேடையில் பெயர் 'பள்ளத்தூர் பாப்பா'. அதனால் இங்கே அவர் சொந்தக்காரர் மாதிரி, கோபமும் சொந்தக் கோபம்தான். டெல்லியைத் திட்டுவதில் கொஞ்சம் நியாயமும் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் பாதிக்கு மேற்பட்ட காரணம் ரொம்பச் சாதாரணமானது. அவர் செய்த வேலைக்குக் கொடுக்க விருதே இல்லை.

தேசிய விருதுகள் 1954-ல் தொடங்கின. அப்போது விருது படத்துக்கு மட்டும்தான். சிறந்த நடிகர், சிறந்த நடிகை, இசையமைப்பாளர், பாடகர் என்று தனித்தனி ஆட்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது 1967-ஆம் வருஷப் படங்களிலிருந்து. முதல் முறை நடிகர் விருது உத்தம் குமாருக்கு, நடிகை விருது நர்கிஸுக்கு. பாடகிக்கும் பாடலாசிரியருக்கும் அடுத்த வருஷம். துணை நடிகர், துணை நடிகை என்ற பிரிவுகள் வந்ததோ 1984-ஆம் வருஷப் படங்களுக்கு. அதாவது மனோரமா நடிக்க வந்து இருபத்தாறு வருஷம் வரைக்கும், கதாநாயகியாக இல்லாத ஒரு பெண்ணைக் கூப்பிட்டு விருது கொடுக்க அந்தப் பட்டியலில் வழியே கிடையாது.

இந்த வருஷங்களைத் தமிழ் சினிமாவோடு பொருத்திப் பார்த்தால் வயிறு எரியும். 'பராசக்தி' 1952. 'ரத்தக்கண்ணீர்' 1954. 'பாசமலர்' 1961. 'காதலிக்க நேரமில்லை', 'நவராத்திரி' இரண்டும் 1964. 'திருவிளையாடல்' 1965. எல்லாமே 1967-க்கு முன்னால். எம்.ஆர். ராதா, பாலையா, ரங்காராவ், சாவித்திரி ஆகியோரின் உச்சமான வருஷங்களில் பெரும்பகுதி, பேருந்து நிலையம் கட்டுவதற்கு முன்பே ஊரைக் கடந்து போன பயணிகளின் கதைதான். சாவித்திரிக்குத் தேசிய விருது கிடைக்கவே இல்லை. அவருடைய வாழ்க்கையைச் சொன்ன 'மகாநடி' தெலுங்குப் படத்தில் அவராக நடித்த கீர்த்தி சுரேஷுக்கு 2018-க்கான சிறந்த நடிகை விருது கிடைத்தது. கீர்த்தி நன்றாகத்தான் நடித்திருந்தார், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பாலையாவைப் பற்றி ஒரு வார்த்தை. 'காதலிக்க நேரமில்லை'யில் மகனாக வரும் நாகேஷ் அவருக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. எல்லோரும் நாகேஷைப் பாராட்டுவார்கள். கதவுச் சத்தம், நாய்ச் சத்தம் என்று எல்லாவற்றையும் அவர் வாயாலேயே செய்கிறார். அடுத்த தடவை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு அங்கே வசனமே கிடையாது என்று சொல்லிவிடலாம். முதலில் மகனைப் பற்றிய அலட்சியம், அப்புறம் லேசான ஆர்வம், அப்புறம் மறைக்கப் பார்க்கும் பயம், கடைசியில் மறைக்க முடியாத பயம். எல்லாம் கண்ணிலும் கன்னத்திலும்தான். கேட்டுக்கொண்டிருப்பவர் பயப்படாவிட்டால் சொல்பவரின் காமெடி எடுபடாது. இப்படி எதிராளிக்காகக் காட்சியைத் தாங்கிப் பிடிப்பதுதான் குணச்சித்திர நடிகரின் தொழில். விருதுக்குழுவின் கண் பெரும்பாலும் பேசுகிற ஆளிடம்தான் போகும். நம் கண்ணும் அப்படித்தானே போகிறது.

மனோரமாவுக்கு இந்த இரண்டு வேலையும் தெரியும். 'தில்லானா மோகனாம்பாள்' 1968-ல் வந்தது, அதாவது நடிகை விருது தொடங்கிய அடுத்த வருஷம். ஜில் ஜில் ரமாமணியாக அவர் வரும் நேரத்தைக் கூட்டினால் படத்தில் சின்னப் பகுதிதான். சிக்கல் சண்முகசுந்தரத்திடம், உங்கள் நாயனத்தில் மட்டும்தான் இப்படிச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று அப்பாவியாகக் கேட்பாரே, அந்த இடத்தைக் கவனித்தால் அவருடைய கைத்திறன் பிடிபடும். கேள்வி முட்டாள்தனமானது. அதை முட்டாளாகக் கேட்டிருந்தால் தியேட்டர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். அவரோ உண்மையிலேயே பதில் வேண்டும் என்ற முகத்தோடு கேட்கிறார். அதனால்தான் எதிரில் இருக்கும் மகா வித்வானால் கோபப்படவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. எங்கள் அயித்தை வளவில் உட்கார்ந்து டிவியில் இதைப் பார்க்கும்போதெல்லாம், "பள்ளத்தூர்ப் பிள்ளையில்ல, அது அப்படித்தான் கேக்கும்" என்பார், ஏதோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.

ரமாமணி ஒரு நாடகக் கொட்டகைக்காரி. மனோரமா நாடகத்திலிருந்து வந்தவர். எழுதி வைத்ததை அப்படியே ஒப்பிக்காமல், எதிரே இருக்கும் ஆளையும் கூட்டத்தையும் பார்த்துப் பேச்சை நீட்டுவதும் நறுக்குவதும் மேடை கற்றுக்கொடுக்கிற வித்தை. புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரத்தில் இன்றும் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டுபவரைப் பாருங்கள், அது புரியும். அம்மா பிறர் வீடுகளில் வேலை செய்து தன்னை வளர்த்ததை மனோரமா பலமுறை சொல்லியிருக்கிறார். 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து "கம்முனு கெட" என்று அவர் போட்ட போட்டில் இருந்த உரிமையும் சூடும் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். 1986-ல் வந்த ஏவி.எம். படம் அது. ஏவி.எம்மை நிறுவிய மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர் என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜனரஞ்சகமான நல்ல படம் என்ற பிரிவில் அதற்குத் தேசிய விருது கிடைத்தது. துணை நடிகைப் பிரிவு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தும் கண்ணம்மாவுக்கு எதுவும் இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் டெல்லிக் கதை.

தேசிய விருதுக்குப் படத்தைத் தயாரிப்பாளர் விண்ணப்பித்து அனுப்ப வேண்டும். அனுப்பாத படம் போட்டியிலேயே இல்லை. இப்போதுள்ள முறைப்படி முதலில் வட்டாரக் குழு பார்க்கும், அது தேர்ந்தெடுப்பதை மத்தியக் குழு பார்க்கும். மத்தியக் குழுவில் பல மொழிக்காரர்கள் இருப்பார்கள், தமிழ் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. மற்றவர்கள் திரைக்குக் கீழே ஓடும் ஆங்கில வரியைப் படித்துத்தான் படம் பார்க்கிறார்கள். "கம்முனு கெட" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 'சும்மா இரு' என்று வரும். சொன்னது யார், யாரிடம், எந்த ஊர்ப் பேச்சில், எந்த உரிமையில் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோகும். அழுகைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அழுகிற முகத்துக்குக் கீழே எழுத்தே வேண்டாம்.

அதனால்தான் சிரிக்க வைத்தவர்களுக்கு விருது வந்த இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் அவர்கள் சிரிப்பை விட்ட இடமாக இருக்கிறது. தருமி, வைத்தி, சர்வர் சுந்தரம் எல்லாம் செய்த நாகேஷுக்குத் துணை நடிகர் விருது வந்தது 1994-ன் 'நம்மவர்' படத்துக்கு. அதில் அவர் மகளைப் பறிகொடுத்த தகப்பன். வருஷக்கணக்காகக் காமெடியிலும் டப்பிங்கிலும் உழைத்த எம்.எஸ். பாஸ்கருக்கு 2023-ன் 'பார்க்கிங்' படத்துக்காகக் கிடைத்தது. அதில் அவர் வீம்பு பிடித்த ஒரு பெரியவர். 'மைனா'வுக்காகத் தம்பி ராமையா வாங்கியதை விதிவிலக்காகச் சொல்லலாம். தமிழக அரசின் விருதில் நகைச்சுவை நடிகருக்கும் டப்பிங் குரலுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு, தேசிய விருதில் கிடையாது. ஆனால் மாநில விருதையும் மெச்சிக்கொள்ள முடியவில்லை. 2009 முதல் 2014 வரைக்கும் ஆறு வருஷத்துக்கான விருதுகளை 2017-ல் ஒரே மூட்டையாக அறிவித்தார்கள், மேடையில் கொடுத்தது 2022-ல்.

இன்னொன்றும் உண்டு. தேசிய விருதில் கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களின் பெயர்களை வெளியிடும் வழக்கம் இல்லை. வாங்கியவர் பெயர் மட்டும் வரும். தனியார் விருதுகளில் நாலைந்து பேரை அறிவித்து அதில் ஒருவருக்குக் கொடுப்பார்கள், தோற்றவருக்கும் ஒரு பதிவு மிஞ்சும். இங்கே அதுவும் இல்லை. சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைக்கவில்லை என்பது தெரியும். எந்த வருஷம் எத்தனை அடி தூரத்தில் தவறியது என்பது தெரியாது. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் கட்டபொம்மனுக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கிய மனிதர். பிரான்ஸ் செவாலியே கொடுத்தது. 'தேவர் மகன்' படத்துக்காக நடுவர் குழுவின் சிறப்பு விருதை அறிவித்தபோது அவர் அதை ஏற்கவில்லை. சரியாகத்தான் செய்தார் என்பது என் கட்சி.

'முதல் மரியாதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1985. அந்த வருஷம் சிறந்த நடிகர் 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காக சசி கபூர். 'முதல் மரியாதை'க்குச் சிறந்த தமிழ்ப் படம், வைரமுத்துவுக்குப் பாடலாசிரியர் விருது. சிவாஜிக்கு இல்லை. அதைவிட என்னை உறுத்துவது வடிவுக்கரசி. ஒரு நல்ல மனிதனை அணு அணுவாகக் கொல்லும் மனைவியாக, ஒரு நொடிகூடப் பார்ப்பவரின் இரக்கத்துக்குக் கை நீட்டாமல் நடித்திருப்பார். அவர் அப்படி வெறுப்பைச் சம்பாதிக்காவிட்டால் சிவாஜியின் மௌனத்துக்கு மரியாதை ஏது? அதே படத்தில் ராதாவுக்குக் குரல் கொடுத்தவர் ராதிகா. ராதாவின் முகமும் ராதிகாவின் குரலும் சேர்ந்துதான் அந்தப் பரிசல்காரப் பெண். பாதி நடிப்பு ஒருவரிடம், மீதி இன்னொருவரிடம் இருந்தால் விருதை யாருக்குக் கொடுப்பது?

பாட்டிலும் இதே சிக்கல்தான், இன்னும் கூடுதலாக. ஒரு பாட்டு மெட்டு, வரி, குரல், வாத்தியம் எல்லாம் சேர்ந்தது. விருது அதைப் பிரித்து ஒரு துண்டுக்கு மட்டும் பரிசு கொடுக்கும்.

1968-ஆம் வருஷத்தைப் பாருங்கள். பாடகிக்கான முதல் தேசிய விருது பி. சுசீலாவுக்கு, 'உயர்ந்த மனிதன்' படத்தின் 'நாளை இந்த வேளை பார்த்து' பாட்டுக்காக. பாடலாசிரியருக்கான முதல் தேசிய விருது சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசனுக்கு, 'குழந்தைக்காக' படத்துக்காக. இரண்டு படத்துக்கும் இசை எம்.எஸ். விஸ்வநாதன். 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' பாட்டுக்காக வாணி ஜெயராமுக்கு விருது, அதற்கும் மெட்டு அவர்தான். பாடியவருக்குக் கிடைத்தது, எழுதியவருக்குக் கிடைத்தது, மெட்டுப் போட்டவருக்குக் கடைசி வரை தேசிய விருது கிடைக்கவே இல்லை. பத்ம விருதும் இல்லை. விஸ்வநாதன்-ராமமூர்த்தி ஜோடியாக இருந்த காலமோ 1965-ல் முடிந்துவிட்டது, இசையமைப்பாளர் விருது பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால். அந்த விருதை முதலில் வாங்கியவர் 'கந்தன் கருணை'க்காக கே.வி. மகாதேவன், அதுவும் தகுதியான ஆள்தான்.

என்னைக் கேட்டால், 'உயர்ந்த மனித'னில் எனக்குப் பிடித்த பாட்டு விருது வாங்கியது இல்லை. 'அந்த நாள் ஞாபகம் நெஞ்சிலே வந்ததே'தான். வயதான இரண்டு நண்பர்கள், சிவாஜியும் மேஜர் சுந்தர்ராஜனும். டி.எம்.எஸ். பாடுகிறார், சுந்தர்ராஜன் நடுநடுவே பேசுகிறார். இளமையை நினைத்து ஓடிவிட்டு மூச்சு வாங்கும் ஒரு பணக்காரக் கிழவரின் குரலாக டி.எம்.எஸ். மாறுகிறார் பாருங்கள், சுருதி பிசகாமல் மூச்சு மட்டும் இரைக்கும். பாட்டுக்குள் ஒருவர் நடிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியவில்லை. டி.எம்.எஸ்ஸுக்கும் தேசிய விருது கிடையாது. 'பூங்காத்து திரும்புமா' பாடிய மலேசியா வாசுதேவனுக்கும் கிடையாது. அந்தக் குரலில் இருக்கும் கரகரப்பைத் தேனில் தோய்த்து எடுத்துவிட்டால் பாட்டு செத்துவிடும். சுத்தமான குரலைத் தேடும் நடுவர்களுக்கு அது குறையாகப் பட்டிருக்கலாம். எனக்கு அதுதான் பாட்டு.

செட்டிநாட்டில் இருப்பவன் பிடித்த பாட்டுப் பட்டியல் போட்டால் எல்.ஆர். ஈஸ்வரி இல்லாமல் எப்படி? கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் 'வாராய் என் தோழி' கேட்காமல் வளர்ந்தவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். 'பாசமலர்' படம், வரிகள் கண்ணதாசன், வருஷம் 1961, பாடகிக்கு விருது என்ற ஒன்று வர இன்னும் ஏழு வருஷம் இருந்தது. ஆடி பிறந்தால் அதே குரல் அம்மன் கோயில் கம்பத்துக் குழாயிலிருந்து 'செல்லாத்தா' என்று கூப்பிடும். சினிமா விருதுக்கு அந்தப் பாட்டு கணக்கிலேயே வராது, அது தனி கேசட். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஒரே குரலை ஊர் முழுக்க ஏற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நாதஸ்வரத்தையும் சொல்லிவிடுகிறேன். தில்லானாவில் சிவாஜி ஊதுவதாகக் காட்டிய நாயனத்தை வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த வாசிப்பு இல்லாமல் அந்தப் படத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. பின்னணி வாத்தியக்காரருக்கு இன்றும் தேசிய விருதில் இடமில்லை. பின்னணி இசைக்கே தனி விருதைத் தொடர்ச்சியாகக் கொடுக்க ஆரம்பித்தது 2009-ஆம் வருஷப் படங்களிலிருந்துதான், அந்த வருஷம் வாங்கியவர் மலையாள 'பழசிராஜா'வுக்காக இளையராஜா. அவருடைய முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். அதற்குத் திரைக்கதையும் பாட்டும் எழுதியவர் பஞ்சு அருணாசலம், அவரும் சிறுகூடல்பட்டிதான்.

இந்தக் கதை பழைய காலத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2014-ல் வந்த 'சைவம்' எங்கள் வட்டாரத்துக் கதை. செட்டிநாட்டு வீடு, விடுமுறைக்குக் கூடும் குடும்பம், காணாமல் போகும் சேவல். 'அழகே அழகே' பாட்டுக்காக நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது, பாடிய பத்து வயது உத்தரா உன்னிகிருஷ்ணனுக்கும் தேசிய விருது. இரண்டுமே நியாயமானவை, எனக்கும் பிடித்த பாட்டு. ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்தியவர் தாத்தாவாக வந்த நாசர். சேவலை அறுக்க வேண்டும் என்ற நேர்த்திக்கடனும், பேத்தி அந்தச் சேவலை ஒளித்து வைத்திருக்கிறாள் என்ற சந்தேகமும் ஒரே முகத்தில் ஓட வேண்டும். குரலை உயர்த்தாமல், பார்வையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி அதைச் செய்திருப்பார். எந்தச் செட்டிநாட்டுக் கல்யாண வீட்டிலும் பந்தி விசாரித்துக்கொண்டு இப்படி ஓர் ஐயா நிற்பார். அவ்வளவு இயல்பாக இருப்பதுதான் பிரச்சினை. நடிக்கிறார் என்பதே தெரியாத நடிப்பை நடுவர்கள் எப்படி எடுத்து வைப்பார்கள்? 'அவதாரம்', 'குருதிப்புனல்', 'தேவர் மகன்' என்று அவர் செய்ததை வைத்தே ஒரு நடிப்புப் பள்ளி நடத்தலாம். நடிப்புக்கான தேசிய விருது இன்னும் அவர் வீட்டுக்கு வரவில்லை.